ஒரே பலகை என்ற பெருமை

ஊஞ்சலைக் காட்டும்போது வீட்டுக்காரர் குரலில் ஒரு மிடுக்கு வரும்: "ஒரே பலகை சார், எங்கயும் ஒட்டு கிடையாது." மரத்தின் வயது, வாங்கியவரின் வசதி, ஆசாரியின் நேர்மை எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஒட்டுப்போட்ட பலகை என்றால் மட்டம், மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றியது என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

மரத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்தத் தீர்ப்பு தலைகீழாகும். அகலமான ஒற்றைப் பலகையைவிட, நாலைந்து குறுகிய பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டியதுதான் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். இதை விளக்க ஜெர்மனி தோதான இடம். அங்கே இந்த வேலைக்குக் கிட்டத்தட்ட 900 வருட எழுத்துப் பதிவு இருக்கிறது. இன்று உலகெங்கும் ஆசாரிகள் கையில் இருக்கும் வெள்ளைப் பசையின் வேதியியல் அங்கேதான் தொடங்கியது. அதோடு, மரத்தை இம்சிப்பதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு குளிர்காலமும் அந்த நாட்டுக்கு உண்டு.

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி லத்தீனில் கைத்தொழில் நூல் எழுதினார். இன்றைய ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருந்த ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்துப் பொற்கொல்லர் ரோஜர்தான் அவர் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நூலின் முதல் பாகத்தில், தேவாலயத் திருப்பீடத்துக்கும் கதவுக்கும் பலகை சேர்ப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம் வருகிறது. பீப்பாய் செய்பவர்களின் கருவியால் பலகை விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும் என்று அது தொடங்குகிறது. சரியான ஆளைத்தான் துறவி சுட்டுகிறார். பசையே இல்லாமல், வெறும் விளிம்புப் பொருத்தத்தை நம்பி மதுவைச் சிந்தாமல் வைத்திருப்பவர் பீப்பாய்க்காரர். அவ்வளவு துல்லியமாக விளிம்பு இழைப்பவர் அந்தக் காலத்தில் அரிதாகவே இருந்திருப்பார்கள்.

பிறகு பசை. மிருதுவான பாலாடைக்கட்டியை நறுக்கி, வெந்நீர் விட்டு உரலில் இடித்து, வடியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுகிறார்கள். குளிர்ந்த நீரில் போட்டு இறுகவைத்து, அரைத்து, மறுபடி இடித்து, சுண்ணாம்பு கலந்த நீர் ஊற்றிக் குழைக்கிறார்கள். இதனால் ஒட்டிய பலகை காய்ந்தபின் ஈரத்துக்கும் பிரியாது, சூட்டுக்கும் பிரியாது என்கிறார் தியோஃபிலஸ். மிகைதான், ஆனாலும் அடிப்படை சரி. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதைக் கரைத்துக் குழம்பாக்குகிறது. பிறகு அதே சுண்ணாம்பிலிருக்கும் கால்சியம், புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று மெல்லப் பிணைக்கிறது. பிணைந்த பிறகு தண்ணீர் பட்டாலும் எளிதில் அவிழாது. நம் ஆசாரிகள் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரத்துக்கு இந்தக் குணம் கிடையாது. அது ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும்.

வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் இருந்த இந்த நூலின் கையெழுத்துப் பிரதியை 1774-இல் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அங்கே நூலகராக இருந்த நாடகாசிரியர் லெஸ்ஸிங். அவருக்கு அக்கறை எண்ணெய் ஓவியத்தின் வயதில்தான், பாலாடைக்கட்டிப் பசையில் அல்ல. அந்தப் பசை தன் வழியில் தொடர்ந்தது. வைமார் நகரத்து ஓட்டோ ஹெட்ஸர் 1906-இல் காப்புரிமை பெற்ற வளைந்த ஒட்டு உத்தரங்களைச் சேர்த்துப் பிடித்ததும் கேசின் பசைதான். 1910 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஜெர்மன் ரயில்வே அரங்கின் கூரையாக அவை தூணில்லாமல் 43 மீட்டர் தாண்டி நின்றன.

பசை போதுமான அளவு வலுவாக இருந்தது என்பது இதிலிருந்தே தெரியும். அப்படியானால் ஒட்டுப் பலகை ஏன் கெட்ட பெயர் வாங்கியது? பதில் பசையில் இல்லை, மரத்துக்குள் போய்வரும் தண்ணீரில் இருக்கிறது.

மரத்தை ஈர்க்குமாறு போல நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் அடுக்கிய குழல் செல்கள். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் அதே நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றிலிருந்து உறிஞ்சப்படும் நீர் இந்த இழைகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆகவே குச்சி பருக்கும், நீளாது. பருப்பதும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அல்ல. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்த் திசுக்கள் முதல் திசையைக் கொஞ்சம் கட்டிப்போடுவது இதற்கு ஒரு காரணம்.

ஜெர்மானியத் தச்சர்கள் அதிகம் புழங்கும் பீச் மரத்தில், ஈரப்பதம் 1 சதவீதப் புள்ளி மாறினால் வளையத் திசையில் 0.41 சதவீதமும் மையத் திசையில் 0.20 சதவீதமும் அளவு மாறும். ஓக் மரத்துக்கு 0.36, 0.16. நம் தேக்குக்கு 0.26, 0.16. ஒற்றைப் பலகைப் பெருமை நம் வீடுகளில் செல்லுபடியானதற்கு இந்த 0.26 ஒரு காரணம். காற்று இன்னொரு காரணம்.

பூஜ்ஜியம் டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் தாங்கும் வசதி வந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது அதே 5 கிராம். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே விழுகிறது. சமையலும் மனிதர் மூச்சும் அதைக் கொஞ்சம் ஏற்றும். இப்படி ஒரு ஜெர்மன் வீட்டின் மேசைப்பலகை கோடையில் 11 சதவீத ஈரத்தோடும், பிப்ரவரியில் 7 சதவீதத்தோடும் வாழ்கிறது. 80 சென்டிமீட்டர் அகல பீச் மேசையில் இந்த 4 புள்ளி வித்தியாசம் 13 மில்லிமீட்டர். மேசை வருடம் ஒருமுறை ஒரு விரலகலம் சுருங்கி விரிகிறது. நீளவாக்கில் 2 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. சென்னையில் மரம் 13 சதவீத ஈரத்தையொட்டி இருக்கும். 50 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை ஒன்றை அங்கிருந்து முனிக்குக்குக் கப்பலேற்றினால், முதல் குளிர்காலத்திலேயே 8 மில்லிமீட்டர் இழக்கும்.

சுருங்குவதோடு போனால் பரவாயில்லை. அடிமரத்தை நேராக அறுத்தெடுத்த அகலப் பலகையில் வளையங்கள் வில் போலக் கிடக்கும். வளையத் திசை அதிகம் சுருங்குவதால் அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகை பட்டைப்பக்கம் குழியும். இந்தக் குழிவுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆழம் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டர்ப் பலகை 10 மில்லிமீட்டர் குழிந்தால், அதே வளைவு கொண்ட 12 சென்டிமீட்டர்ப் பலகை 0.4 மில்லிமீட்டர்தான் குழியும். அகலம் ஐந்தில் ஒன்று, குழிவு இருபத்தைந்தில் ஒன்று. ஒற்றைப் பலகையை ஐந்தாகக் கிழித்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு ஒட்டினால் பெரிய பள்ளம் போய், கைக்குத் தட்டுப்படாத சின்ன அலைகள் மிஞ்சும். நல்ல பலகையைக் கிழிக்க மனசு வராதுதான். ஆனாலும் கணக்கு கிழிக்கச் சொல்கிறது.

ஜெர்மனியில் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குச் சொல்லித்தரும் விதிகளில் இதுவும் ஒன்று: உள்மரமான வைரத்தோடு வைரம், பட்டையோரத்து வெள்ளையோடு வெள்ளை, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் மாறி மாறி. கடைசி விதியை ஏற்காத தச்சர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்தால் பலகை ஒரே பெரிய வில்லாக வளையும், அதைக் கீழே ஒரு சட்டம் கொடுத்து அடக்கிவிடலாம், அழகான முகமெல்லாம் மேலே வரும் என்பது அவர்கள் வாதம். மேசைக்கு நான் இவர்கள் கட்சி. அடியில் சட்டமே இல்லாத அலமாரிக் கதவுக்கு மாற்றிப் போடுவதுதான் பாதுகாப்பு.

பழைய ஓவியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொலோன் பேராலயத்தில் ஸ்டெஃபான் லோக்னரின் பெரிய திருப்பீட ஓவியம் இருக்கிறது, 1440-களில் ஓக் பலகை மேல் தீட்டியது. நடுப்பகுதி மட்டுமே இரண்டரை மீட்டருக்கு மேல் அகலம். எந்த மரமும் அந்த அகலத்துக்குப் பலகை தராது, ஒட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் சின்ன ஓவியங்களுக்குக்கூட அக்காலத்தில் குறுகிய பலகைகளைத் தேடிப்போய் ஒட்டியதற்குக் காரணம் வேறு. மையத்திலிருந்து பட்டை நோக்கிப் பிளந்த பலகையில் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அது குழியாது, அகலத்தில் சுருங்குவதும் பாதிதான். அப்படிப் பிளந்தால் பலகையின் அகலம் மரத்தின் ஆரத்தைத் தாண்ட முடியாது, வெள்ளையைச் செதுக்கி எறிந்தபின் இன்னும் குறையும். தரமான பலகை வேண்டுமென்றால் குறுகிய பலகைதான். குறுகிய பலகை என்றால் ஒட்டு உண்டு. ஒட்டு அங்கே சிக்கனத்தின் அடையாளமாக இருக்கவில்லை, நல்ல மரம் வாங்கியதன் விளைவாக இருந்தது.

இந்தச் செங்குத்து வளையங்களால் பின்னாளில் ஒரு லாபமும் கிடைத்தது. ஹாம்பர்க் பல்கலைக்கழக மரவியலாளர் பேட்டர் கிளைன், ஓவியப் பலகைகளின் விளிம்பில் வளைய அகலங்களை அளந்து, எந்த வருடத்துக்கு முன் அந்த மரம் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று சொல்லும் முறையை ஆயிரக்கணக்கான ஓவியங்களில் பயன்படுத்தினார். பெரும்பகுதி ஓக் பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தது என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.

இந்தப் பலகைகளுக்குப் பெரிய சேதம் செய்தது காலம் அல்ல, அக்கறை. 19-ஆம் நூற்றாண்டில் லேசாக வளைந்த ஓவியப் பலகைகளை நிமிர்த்த, ஐரோப்பா முழுவதும் ஓர் உத்தி பரவியது. பின்பக்கத்தை இழைத்து மெலிதாக்கி, நெடுக்காகச் சட்டங்களை ஒட்டி, குறுக்குச் சட்டங்களை அவற்றுக்குள் நுழைத்து ஒரு சன்னல் கம்பி வலை மாதிரி மாட்டினார்கள். குறுக்குச் சட்டம் நகர வேண்டும் என்பது எண்ணம். வருடங்கள் போகப்போக அது இறுகிப் பிடித்துக்கொண்டது. குறுக்குச் சட்டத்தின் நீளம் மாறாது, பலகையின் அகலம் மாறியே தீரும். நீராவி வெப்பமூட்டம் வந்த காட்சிக்கூடங்களில், பிடிபட்ட பலகை சுருங்க வழியில்லாமல் தன்னைத்தானே கிழித்துக்கொண்டது. பல இடங்களில் பழைய ஒட்டு அப்படியே இருக்க, விரிசல் பக்கத்து மரத்தில் ஓடியது.

விளிம்பொட்டின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஒட்டின் இரு பக்கமும் மரம் ஒரே திசையில் ஓடுகிறது, ஒரே திசையில் பருக்கிறது, ஒரே திசையில் சுருங்குகிறது. பசைக்கு அங்கே எந்தத் தகராறும் இல்லை. குறுக்காக எதையாவது இறுக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. அதனால்தான் ஜெர்மன் மேசைகளில் கீழ்ச்சட்டத்தைப் பலகையின் காடிக்குள் பசையில்லாமல் சறுக்கிப் பொருத்துகிறார்கள். பலகை தட்டையாக நிற்கும், அகலத்தில் தன் பாட்டுக்கு நடமாடும். நம்மூரில் ஒட்டுப்பலகை வெடித்தது என்று குற்றம் சாட்டப்படும் மேசைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். குறுக்குச் சட்டம் நாலு ஸ்க்ரூவும் ஃபெவிகாலும் போட்டு இறுகியிருக்கும்.

வெள்ளைப் பசையின் கதை விளக்கு வெளிச்சத்தில் தொடங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசெட்டிலீன் விளக்குகளுக்காகக் கால்சியம் கார்பைடு ஏராளமாகத் தயாரானது. மின்விளக்கு பரவியதும் அந்தச் சரக்கு தேங்கியது. ஃபிராங்க்ஃபர்ட் அருகே கிரீஸ்ஹைம்-எலெக்ட்ரோன் நிறுவனத்தில் இருந்த வேதியியலாளர் ஃபிரிட்ஸ் கிளாட்டேக்குக் கொடுத்த வேலை, அசெட்டிலீனுக்கு வேறு பிழைப்பு கண்டுபிடிப்பது. 1912-இல் அவர் அதை அசெட்டிக் அமிலத்தோடு சேர்த்து வினைல் அசெட்டேட் என்ற திரவத்தைப் பெற்றார். வெளிச்சம் பட்டால் அது கெட்டியானது. ஏன் கெட்டியாகிறது என்று அன்று யாருக்கும் தெளிவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகள் ஆகின்றன என்று ஹெர்மன் ஷ்டாவ்டிங்கர் 1920-இல் எழுதினார். சக வேதியியலாளர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். நோபல் பரிசு 1953-இல்தான் வந்தது. இன்னொரு துண்டும் வேண்டியிருந்தது: அப்படிக் கெட்டியான பாலிவினைல் அசெட்டேட் தண்ணீரில் கரையாது. முனிக்கில் வில்லி ஹெர்மான், வோல்ஃப்ராம் ஹேனல் இருவரும் 1924-இல் செய்த பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையும். பிளாஸ்டிக் துகள்களைச் சுற்றிக் கவசமாக நின்று, நீரில் திரண்டுவிடாமல் மிதக்கவிடும் பொருளாக அது பின்னால் பயன்பட்டது.

இப்படி நீரில் துகள்கள் மிதக்கும் கலவைதான் டப்பாவில் இருக்கும் வெள்ளைக் கூழ். ஏறத்தாழ பாதி தண்ணீர், மீதி கண்ணுக்குத் தெரியாத துகள்கள். பலகை விளிம்பில் தடவி இறுக்கினால் தண்ணீர் மரத்துக்குள் போகிறது, துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று நசுக்கி ஒரே படலமாக உருகிக் கலக்கின்றன. கலப்பதற்குத் துகள் மிருதுவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கீழே அது நடக்காது. துகள்கள் தனித்தனியாகவே காய்ந்து சுண்ணாம்புப் பொடி போல வெளுத்துக் கிடக்கும், ஒட்டு கையாலேயே பிரியும். ஜனவரியில் சூடில்லாத கொட்டகையில் வேலை செய்யும் ஜெர்மானியர் இதை ஒருமுறையாவது அனுபவித்திருப்பார். நம் பக்கம் டிசம்பர் இரவில் ஊட்டியில் ஒட்டுபவர் மட்டும் கவனித்தால் போதும்.

வலு எவ்வளவு? ஐரோப்பியத் தர விதியில் டி1 முதல் டி4 வரை நான்கு வகுப்புகள். சோதனை மரம் பீச். உலர்ந்த நிலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் தாங்க வேண்டும், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 2 மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட விளிம்பில் கணக்குப் போட்டால் 50 டன். அதற்கு முன்பே பக்கத்து மரநார் கிழிந்துவிடும். டி3 பசை 4 நாள் தண்ணீரில் ஊறிய பிறகும், டி4 பசை 6 மணி நேரம் கொதித்த பிறகும் குறிப்பிட்ட பலத்தைக் காட்ட வேண்டும். வரவேற்பறை மேசைக்கு டி4 வாங்குவது காசுக்குக் கேடு.

இந்த வலு கிடைக்க, பசைப் படலம் 0.1 மில்லிமீட்டர் அளவில் மெலிதாக இருக்க வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்ப நினைப்பவர் தோற்பார். விளிம்பை இழைப்புளியால் இழைத்த அன்றே ஒட்டுவது நல்லது. பழைய முகத்தில் மரத்தின் எண்ணெயும் தூசியும் ஏறி, பசை நனைய மறுக்கும். தேக்கில் இது இன்னும் மோசம். இறுக்குவதற்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன் என்று வைத்தாலும், மேலே சொன்ன விளிம்புக்கு ஒன்றரை டன் வேண்டும். ஒரு கிளாம்ப் போதாது. பீடிக்ஹைம்-பிஸ்ஸிங்கன் நகரத்து பெசி நிறுவனம் முக்கியமாகக் கிளாம்புகளை நம்பிப் பிழைப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நம் பெரியவர்கள் கயிறும் ஆப்பும் வைத்து இதே வேலையைச் செய்தார்கள்.

அனுபவசாலிகள் விளிம்பை அப்பட்டமான நேர்கோடாக இழைப்பதில்லை. 2 மீட்டர் நீளத்தில் நடுவே அரை மில்லிமீட்டர் குழியவிட்டு, கிளாம்ப் போட்டு நடுவை மூடுவார்கள். பலகை முனைகளில் குழல்கள் வாய் திறந்து கிடப்பதால் ஈரம் அங்கேதான் முதலில் வெளியேறும், முனை முதலில் சுருங்கும், ஒட்டு முனையில்தான் முதலில் வாய் பிளக்கப் பார்க்கும். நடுவில் விட்ட குழிவு முனைகளை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஒட்டியவுடன் தேய்ப்பதும் தப்பு. பசையின் தண்ணீர் குடித்த விளிம்பு வீங்கியிருக்கும். அப்போதே சமமாகத் தேய்த்துவிட்டால், சில நாளில் வீக்கம் வடிந்து, பாலிஷ் போட்ட மேசையில் ஒட்டு நெடுக ஒரு பள்ளக்கோடு தெரியும்.

இந்தியாவுக்கு இந்தப் பசை வந்த வழியும் ஃபிராங்க்ஃபர்ட் வழிதான். கிரீஸ்ஹைம் 1925-இல் ஐ.ஜி. ஃபார்பனில் கரைந்தது. போருக்குப் பின் அது உடைந்தபோது ஹெக்ஸ்ட் நிறுவனம் மறுபடி தனியாக உருவானது. ஹெக்ஸ்டின் இந்திய முகவர் நிறுவனத்தோடு தொடர்பிலிருந்த பல்வந்த் பாரேக் 1950-களில் ஜெர்மனி போய்வந்தார். அங்கே அப்போது மோவிகால் என்ற வெள்ளைப் பசை விற்பனையில் இருந்தது. 1959-இல் ஃபெவிகால் பிறந்தது. அடுப்பில் வச்சிரம் காய்ச்சும் வேலை பட்டறைகளிலிருந்து மெல்ல ஒழிந்தது. நாற்றம் போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது.

ஆனாலும் ஜெர்மன் அருங்காட்சியகங்களின் மரச் சீரமைப்பாளர்கள் மேசையில் வச்சிரச் சட்டி இன்றும் சுடுகிறது. காய்ந்த வெள்ளைப் பசை மேல் புதிய வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. ஒருமுறை பிரிந்த ஒட்டை மறுபடி சேர்க்க, பழைய படலத்தை வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும், சுரண்டும்போது மரமும் போகும். வச்சிரம் அப்படியில்லை. வெதுவெதுப்பான ஈரம் காட்டினால் அவிழ்கிறது. பழைய வச்சிரத்தின் மேல் புதிதைச் சூடாக ஊற்றினால் இரண்டும் கலந்து ஒன்றாகின்றன. 200 வருடம் பழைய அலமாரியின் பலகையை அடுத்த தலைமுறைச் சீரமைப்பாளரும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், அங்கே வலுவில் குறைந்த பசையைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.